ஆகாயத்தாமரைக்குத் தீனி போடுவது யார்?

கூவம் பாலத்தில் பஸ் நிற்கும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள். பல மாதங்களில் கீழே தண்ணீரே தெரியாது. பச்சைப்பசேல் என்று ஆகாயத்தாமரைதான் தெரியும்!

வருஷா வருஷம் மிதக்கும் இயந்திரம் வருகிறது. அள்ளுகிறது. கரையில் குவிக்கிறது. லாரி வந்தால் குவியல் போகும். வராவிட்டால் அங்கேயே அழுகும். சில வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் பச்சை!

"இதுக்கு முடிவே கிடையாதா சார்?" என்று பாலத்தடி டீக்கடைக்காரர் கேட்டார்.

முடிவு உண்டு. ஆனால் நாம் பிடிப்பது வேறு ஆளை.

போலீஸ் நிலையத்தையும் கோர்ட்டையும் சுற்றி வருகிறவன் நான். கையாளைப் பிடித்து உள்ளே போட்டால் போதாது, பின்னால் இருந்து பணம் கொடுப்பவனைப் பிடிக்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம். ஆகாயத்தாமரை வெறும் கையாள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. தீனி கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும். அந்தத் தீனியில் முக்கியமான சரக்கின் பெயர் பாஸ்பரஸ்!

யார் இந்த ஆசாமி?

உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கலாம். தீப்பெட்டியின் பக்கவாட்டில் குச்சியை உரசுகிறீர்களே, அந்தப் பட்டையில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ்.

உங்கள் உடம்பிலும் இருக்கிறது. வளர்ந்த ஆளுக்கு ஏறக்குறைய 700 கிராம். பெரும்பகுதி எலும்பிலும் பல்லிலும்.

1669-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் எடுக்கலாம் என்று மூத்திரத்தைக் காய்ச்சினார். தங்கம் வரவில்லை. இருட்டில் ஒளிரும் பொருள் வந்தது. அதுதான் பாஸ்பரஸ்!

மூத்திரத்துக்குள் அது எப்படி வந்தது? சோற்றிலிருந்து. சோற்றுக்கு நெல்லிலிருந்து. நெல்லுக்கு மண்ணிலிருந்து.

அறுந்த சங்கிலி

அந்தக் காலத்து கிராமத்தில் சாணமும் எருவும் திரும்ப வயலுக்கே போயின. மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்பியது. சக்கரம் சுற்றியது.

பட்டணத்தில் சக்கரம் அறுந்துவிட்டது. நாம் தின்பது வயலின் சத்து. கழிப்பறையில் தண்ணீர் ஊற்றியதும் அது போவது சாக்கடைக்கு. சாக்கடை சரியாகப் போகாத இடத்தில் ஏரிக்கு, ஆற்றுக்கு, கடலுக்கு.

தண்ணீர் ஆவியாகி மழையாகத் திரும்பும். நைட்ரஜன் காற்றில் கலந்து திரும்பும். பாஸ்பரசுக்கு அந்த வழி கிடையாது. சேற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். கடலடி மண் பாறையாகி மேலே வர லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான வருஷம் ஆகும். நாம் காத்திருக்க முடியுமா?

ஒரு கணக்கு போடுங்கள். ஒரு ஆள் ஒரு நாளைக்கு வெளியேற்றும் பாஸ்பரஸ் ஏறக்குறைய 1 கிராம். 10 லட்சம் பேருக்கு 1,000 கிலோ. 50 கிலோ டி.ஏ.பி. உர மூட்டையில் இருக்கும் பாஸ்பரஸ் சுமார் 10 கிலோ. ஆக, 10 லட்சம் பேர் தினமும் 100 மூட்டை உரத்துக்குச் சமமான சரக்கைச் சாக்கடையில் விடுகிறோம்!

இதே சரக்குக்காகத்தான் விவசாயி உரக்கடை வாசலில் நிற்கிறார். பாஸ்பேட் பாறையும் டி.ஏ.பி.யும் இந்தியா பெருமளவில் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. உலகத்தின் பாஸ்பேட் பாறை இருப்பில் பெரும்பகுதி மொராக்கோ பக்கம். காசு கொடுத்துக் கப்பலில் கொண்டுவந்து, கடைசியில் கூவத்தில் கரைக்கிறோம்.

சாட்சி சொன்ன ஏரி

பாஸ்பரஸ்தான் குற்றவாளி என்பதற்குச் சாட்சி உண்டா? உண்டு.

1973-ல் கனடாவில் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு ஒரு ஏரியைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும் போட்டார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி மட்டும் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது!

பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராண வாயுவைத் தின்றுவிடும். மீன் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும்.

சில பாசி விஷமும் கக்கும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் சுமார் 5 லட்சம் பேருக்கு, "குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள்" என்று உத்தரவு போட்டார்கள். காரணம், ஏரி ஏரியில் பெருகிய பாசி. (அந்த ஏரியின் பெயரே ஏரிதான்!) அதற்குத் தீனி, வயல்களிலிருந்து வழிந்து வந்த பாஸ்பரஸ்.

அமெரிக்கா தூரம் என்கிறீர்களா? பெங்களூரு பெல்லந்தூர் ஏரி பக்கத்தில்தானே இருக்கிறது! சாக்கடையும் சோப்பு நுரையும் சேர்ந்த அந்த ஏரி 2015-ல் தீப்பிடித்தே எரிந்தது. 2017-லும், 2018-லும் மறுபடி தீ!

செம்பரம்பாக்கம், புழல், போரூர் ஏரிகளின் தண்ணீரைத்தான் நாம் குடிக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

நடுராத்திரி லாரி

ஒரு விபத்துச் செய்திக்காக ராத்திரி இரண்டு மணிக்குப் புறநகர் போயிருந்தேன். ரோட்டோரம் விளக்கை அணைத்துவிட்டு ஒரு கழிவுநீர் டேங்கர் லாரி நின்றது. குழாயை மழைநீர் கால்வாய்க்குள் விட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் டிரைவர், "எல்லாரும் இங்கதான் விடுறாங்க தம்பி, நான் மட்டுமா?" என்றார்.

அந்தக் கால்வாய் முடியும் இடம் ஒரு ஏரி. மறுநாள் காலையில் அதே ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி தீனி, பகலில் அறுவடை. இரண்டுக்கும் காசு நம்முடையது!

செய்ய வேண்டியது என்ன?

முதலில், மழைநீர் கால்வாயில் கழிவுநீர் விடுவதை நிறுத்த வேண்டும். டிரைவருக்கு மட்டும் அபராதம் போட்டால் போதாது. லாரி முதலாளியையும், திருட்டு இணைப்பு வைத்த கட்டடக்காரரையும் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது, சுத்திகரிப்பு நிலையங்களில் பாஸ்பரசையும் பிடிக்க வேண்டும். சாதாரண சுத்திகரிப்பில் நாற்றம் போகும், பாஸ்பரசில் ஒரு பங்குதான் போகும். சலூனில் முகத்தில் தேய்க்கும் படிகாரம் இருக்கிறதே, அந்த இனத்து உப்பைச் சேர்த்தாலே பாஸ்பரஸ் அடியில் படியும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

மூன்றாவது, அள்ளிய ஆகாயத்தாமரையைக் கரையில் அழுக விடக்கூடாது. அழுகினால் அது தின்ற பாஸ்பரஸ் மழையோடு மறுபடி தண்ணீரில் இறங்கிவிடும். அன்றன்றே அகற்ற வேண்டும். ஆலைக் கழிவு கலக்காத ஏரிச் செடியை மட்கவைத்து உரமாக்கலாம்.

நான்காவது, சோப்புத் தூளில் பாஸ்பேட் எவ்வளவு என்று பாக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட வேண்டும். குறைவாக உள்ளதை நாம் கேட்டு வாங்கலாம்.

இத்தனையும் செய்தால் உடனே ஏரி தெளியுமா? தெளியாது. சேற்றில் பதுங்கிய பழைய பாஸ்பரஸ் இன்னும் சில வருஷம் கசிந்துகொண்டிருக்கும். அதற்காகச் சும்மா இருந்தால் கணக்கு ஏறிக்கொண்டேதான் போகும்.

டீக்கடைக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கிளாஸ் கழுவிய தண்ணீரை எடுத்துக் கால்வாயில் ஊற்றப் போனார். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இதை எங்க சார் ஊத்துறது? வேற வழி போட்டுக் கொடுத்தா அதுல ஊத்துறேன்."

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆபீசில் இருக்கிறார்கள்.