தெரிந்த ரத்தம் என்று விட்டுவிடாதீர்கள்

பெரம்பலூர், அரியலூர் பக்கம் சம்பந்தம் பேசும்போது பத்துப் பொருத்தமும் பார்ப்பார்கள். ரத்தக் கொழுப்பையும் பாருங்கள் என்றால், "கல்யாணத்துக்கு முன்னாடி இது எதுக்கு?" என்கிறார்கள். அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் நான்கு. ஒன்றும் நிற்காது.

"நம்ம சொந்தம், தெரிஞ்ச ரத்தம்." ஆபத்தே அங்குதான். பரம்பரைக் கொழுப்பு நோய் ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு உண்டு. ஆனால் தாய்மாமனுக்கு அது இருந்தால், அக்கா மகளுக்கும் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. தமிழ்நாட்டுப் பெண்களில் 28 விழுக்காட்டினர் சொந்தத்தில் மணந்தவர்கள் என்கிறது 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு.

"கறியும் எண்ணெயும் தின்றால்தானே கொழுப்பு?" இது தட்டிலிருந்து வருவதல்ல. கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து கல்லீரல் இழுத்துக்கொள்ள ஏற்பிகள் வேண்டும். அவற்றைக் கண்டறிந்த பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஏற்பிக்கான மரபணு பழுதானால், வெங்காய வயலில் நாளெல்லாம் உழைக்கும் ஒல்லி உடம்பிலும் கொழுப்பு ஏறும்.

"வந்தா மாத்திரை போட்டுக்கலாம்." அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதென்றால் சரி, ஸ்டாட்டின் மாத்திரை நன்றாகக் கேட்கும். கணவன், மனைவி இருவருக்கும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிரதிகளும் பழுதாக இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்கு எல்.டி.எல். 500ஐத் தாண்டலாம். முழங்கையிலும் முட்டியிலும் குதிகாலின் பின்புறத்திலும் மஞ்சள் கட்டிகள் எழும். வலி இருக்காது, மரு என்று விட்டுவிடுவார்கள். இருபது வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரக்கூடும். வழக்கமான மாத்திரை மட்டும் அதற்குப் போதாது.

"சொன்னா சம்பந்தம் முறிஞ்சிடும், பொண்ணு பேரு கெட்டுடும்." இந்தப் பயம் புரிகிறது. அதனால்தான் பெண்ணை மட்டும் சோதிக்கக் கூடாது, இருவரையும் சோதிக்க வேண்டும். முடிவை மருத்துவர் அந்த இருவரிடம் மட்டுமே சொல்ல வேண்டும். ஒருவருக்கு நோய் இருப்பது கல்யாணத்தை நிறுத்தக் காரணமே அல்ல. இருவருக்கும் இருந்தாலும் முடிவு அவர்களுடையது. முன்பே தெரிந்தால் பிள்ளையைச் சின்ன வயதிலேயே சோதித்துச் சிகிச்சை தொடங்கலாம்.

தேவை ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. எல்.டி.எல். 190ஐத் தாண்டினாலோ, குடும்பத்தில் ஆண் 55 வயதுக்குள், பெண் 60 வயதுக்குள் மாரடைப்பு கண்டிருந்தாலோ மருத்துவரிடம் போங்கள். பத்திரிகை அடிக்கும் முன், மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்தே கை நீட்டுங்கள்.