மேகத்தில் நமக்குப் பட்டா கிடையாது

"எல்லாத்தையும் டிரைவ்ல ஏத்தியாச்சு தோழர், இனிமே கவலை இல்ல."

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று எந்த ஊர்க் கூட்டத்துக்குப் போனாலும் இந்த வாக்கியம் காதில் விழுகிறது. விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதை ஏற்றினீர்கள், எங்கே ஏற்றினீர்கள், யார் பெயரில் ஏற்றினீர்கள், ஏற்றியது முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று நாலு கேள்வி கேட்டால் பதில் வராது. 'அதெல்லாம் பையன் பாத்துக்கிட்டான்' என்கிறார்கள். முப்பது வருஷத்துத் துண்டறிக்கைகள், உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகள், முதல் தகவல் அறிக்கையின் நகல்கள், நின்றுபோன சிறுபத்திரிகைகள், கூட்டப் பேச்சுகள் அடங்கிய ஒலிநாடாக்கள். இவ்வளவையும் ஒரு பையன், ஒரு செல்போன், ஓர் இலவசக் கணக்கு என்று ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போகிற இயக்கத்தை என்னவென்று சொல்வது?

ஏற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சேரியில் காகிதம் நிலைக்காது. நிலைக்க விடமாட்டார்கள். 1995 ஆகஸ்ட் 31இல் கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்தபோது பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் சேர்ந்துதான் அழிந்தன. 2012 நவம்பர் 7இல் தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்து ஊர்களிலும் கும்பல் வைத்த தீயில் வீட்டோடு சான்றிதழும் போயிற்று. எரிக்கிறவனுக்குத் தெரியும், எது எரிந்தால் திரும்ப முளைக்காது என்று. மனிதன் எரிக்காமல் விட்டதைக் காற்று கொண்டுபோகிறது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் டெல்டாவில் கூரை பறந்த வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்த காகிதம் கூழாகப் போனது. ஆகவே, எரியாத நனையாத ஓர் இடம் இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவன் சொல்லும்போது முதலில் நம்புகிறவர்கள் நாமாகத்தான் இருப்போம்.

இதே தஞ்சாவூரில் அரண்மனைக்குள் சரசுவதி மகால் இருக்கிறது. நாயக்கரும் மராட்டியரும் சேர்த்த 40,000க்கும் மேற்பட்ட சுவடிகள். அதைப் பூச்சி அரிக்காமல் பார்க்க ஆள் உண்டு, படமெடுத்துக் கணினியில் ஏற்ற அரசுப் பணம் உண்டு. நன்றாக நடக்கட்டும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த வழக்கில், கார் வைத்திருக்கிற மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவதற்கில்லை என்கிற தோரணையில் 1973இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்ததே, அந்தத் தீர்ப்பும் பத்திரமாக இருக்கிறது. அந்த ராத்திரியைப் பற்றி நம் ஆட்கள் அடித்த நோட்டீசும், கூட்டத்தில் படித்த பாட்டும் எங்கே? யாரோ ஒரு தோழர் வீட்டுப் பரணில், பாலிதீன் பையில். அதைத்தான் இப்போது 'ஏத்தியாச்சு' என்கிறார்கள்.

ஏற்றுவது என்றால் என்ன என்று பார்ப்போம். நான் பேங்க்கில் குமாஸ்தா. கணக்குப் போடாமல் எதையும் நம்புகிற பழக்கம் இல்லை. ஏ4 அளவுள்ள ஒரு பக்கத்தை 300 புள்ளி அடர்த்தியில், வண்ணத்தில், சுருக்காமல் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 26 எம்.பி. வரும். 48 பக்கச் சிறுபத்திரிகை ஓர் இதழுக்கு 1.25 ஜி.பி. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. அதாவது பன்னிரண்டு இதழ். அதிலும் உங்கள் மின்னஞ்சலும் கல்யாணப் போட்டோவும் பங்கு கேட்கும். வினாடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் மேலே அனுப்பக் கிடைத்தால் ஓர் இதழ் ஏற 10,000 வினாடி, கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம். சாயங்காலம் ஊரே செல்போனில் இருக்கும் நேரத்தில் அந்த வேகமும் கிடையாது. சுருக்கி ஏற்றலாமே என்பார்கள். படிப்பதற்கு அது போதும். ஆனால் ஓரத்தில் பென்சிலால் ஒரு தோழர் எழுதியதும், மங்கலான புகைப்படத்தில் நிற்கும் முகங்களும் அந்தச் சுருக்கலில்தான் முதலில் காணாமல் போகும்.

நானும் மூன்று ராத்திரி ஒரு சேமிப்புத் தளத்தில் மல்லுக்கட்டினேன். பெயர் எதுக்கு, எல்லாம் ஒரே குட்டையில் ஊறியதுதான். வட்டம் சுற்றிச் சுற்றி 98 சதவீதத்தில் நிற்கும். கரண்ட் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தால் மறுபடியும் பூஜ்யம். கடைசியில் பச்சை டிக் விழுந்தது. திறந்து பார்த்தால் ஒன்பது கோப்புகள் பெயர் மட்டும் இருந்து உள்ளே ஒன்றும் இல்லை. அந்தப் பச்சை டிக்கை நம்பி மூலத்தை அழித்திருந்தால்? புகார் சொல்ல இடம் தேடினேன். 'இந்தப் பதில் உங்களுக்குப் பயன்பட்டதா' என்று ஓர் இயந்திரம் கேட்டது. எங்கள் கிளையில் கையெழுத்துப் போடத் தெரியாத ஆத்தா ஒருத்தி, முதியோர் பென்ஷன் வரலைன்னா கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு 'என்னய்யா வெளையாடுறியா' என்று என்னைக் கேட்க முடியும். கேட்கிறாள். நான் எழுந்து போய்ப் பார்த்துத்தான் ஆக வேண்டும். மேகத்துக்குக் கம்பி இல்லை.

இன்னொரு விஷயம். கீழே இறக்குவது சடசடவென்று நடக்கிறது, மேலே ஏற்றுவது மட்டும் ஏன் இழுக்கிறது? கோளாறு எதுவும் இல்லை, கட்டியதே அப்படித்தான். தொலைபேசிக் கம்பியில் முதன்முதலில் வந்த அகலப்பட்டை இணைப்பின் பெயரிலேயே 'சமச்சீரற்ற' என்ற சொல் இருந்தது. ஏ.டி.எஸ்.எல். என்பதில் உள்ள 'ஏ' அதுதான். இறங்குவதற்கு அகலமான சாலை, ஏறுவதற்கு வரப்பு. செல்போன் கோபுரங்களும் தங்கள் திறனில் பெரும்பங்கை இறக்கத்துக்கே ஒதுக்குகின்றன. ஜனங்கள் அதிகம் இறக்குகிறார்கள், ஆகவே அப்படி ஒதுக்கினோம் என்பது பொறியாளரின் பதில். நியாயமான பதில்தான். ஆனால் நீ வாங்கிக்கொள்கிறவன், உன்னிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கப் போகிறது என்கிற அனுமானம் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. சேரிக்கு அந்த அனுமானம் புதுசா என்ன?

ஏறிய பிறகாவது சங்கதி தீர்ந்ததா? 90களின் கடைசியிலும் 2000க்குப் பிறகும் வந்த நம் இதழ்கள் பலவும் பேஜ்மேக்கரில், அச்சகத்துக்கு அச்சகம் வேறுபட்ட எழுத்துருவில் கோக்கப்பட்டவை. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அந்தக் கோப்பை மேகத்தில் போட்டால் அங்கே கிடக்கும், திறக்காது. திறந்தாலும் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் கிறுக்கல் இருக்கும், தேடினால் ஒரு சொல்லும் அகப்படாது. நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்றித் தரும் வசதியைக் கூகுள் கொடுத்தது, தமிழ் விக்கிமூலத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பெரிய உதவியாயிற்று. உதவியை வாங்கிக்கொள்வோம். அதற்காக வீட்டை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

வீடு என்றதும் நம் டெல்டாவுக்கு வருகிறேன். பண்ணையாளின் குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. எத்தனை தலைமுறை இருந்தாலும் சரி, கூலி கேட்டால், கொடி ஏற்றினால், குடிசையைப் பிரித்துப் போடுவான். அந்த மண்ணை நம் பெயருக்கு மாற்ற 1971இல் குடியிருப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. அது சும்மா வந்ததா? அடிபட்டு, ஜெயிலுக்குப் போய், செத்து வந்தது. இப்போது அதே ஜனம் தன் வரலாற்றைக் கொண்டுபோய் இன்னொருத்தன் மனையில் குடிசை போட்டு வைக்கிறது! மேகம் என்பது ஆகாயத்தில் இல்லை, தோழர்களே. யாரோ ஒரு முதலாளியின் கட்டடத்தில் ஓடுகிற கணினி. 'ஒப்புக்கொள்கிறேன்' என்று படிக்காமல் அழுத்துகிறோமே, கணக்குப்பிள்ளை நீட்டிய தாளில் நம் தாத்தன் வைத்த கைநாட்டுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மனைக்காரன் நினைத்தால் விதியை மாற்றுகிறான். மைக்ரோசாப்ட் 15 ஜி.பி. இலவசம் என்றது, 2015இல் அதை 5 ஆக்கப் போவதாக அறிவித்தது. படங்களுக்கு அளவே கிடையாது என்ற கூகுள், 2021 ஜூன் 1 முதல் அளவு உண்டு என்றது. இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத தனிநபர் கணக்கை அழிப்போம் என்று 2023 மே மாதம் சொன்னது. யாஹூ குழுமங்களில் தமிழர்கள் எவ்வளவு விவாதித்தோம்! 2019 டிசம்பரில் அங்கிருந்த பழைய கடிதங்களையும் கோப்புகளையும் எடுத்தார்கள், 2020 டிசம்பரில் கடையையே மூடினார்கள். 2019இல் மைஸ்பேஸ், இடம் மாற்றும்போது பன்னிரண்டு வருஷத்துப் பாட்டுகள் தொலைந்துவிட்டன என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது.

பேங்க் லாக்கரோடு ஒப்பிடுங்கள். நான் பேங்க்குகளுக்கு வக்காலத்து வாங்குகிறவன் இல்லை. சேரிக்காரன் கடன் கேட்டு வந்தால் என்ன நடக்கிறது என்று கவுண்டருக்குள்ளிருந்தே பார்க்கிறவன். ஆனாலும் லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று எங்களிடம், ஒன்று உங்களிடம், இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். நாமினி உண்டு. தீயிலோ திருட்டிலோ ஊழியர் மோசடியிலோ போனால் வருஷ வாடகையைப் போல நூறு மடங்கு வரை பொறுப்பு என்று 2022 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி விதி உண்டு. அது போதாது என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு, சண்டை போட இடமும் உண்டு. சேமிப்புக் கணக்கில் பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போகும். அதற்குப் பிறகும் வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். நம் இலவச மேகத்திலோ இரண்டு சாவியும் கம்பெனியிடம்.

சாவி வைத்திருக்கிறவன் உள்ளேயும் பார்க்கிறான். அமெரிக்காவில் ஒரு தகப்பன், டாக்டருக்கு அனுப்புவதற்காகத் தன் குழந்தையின் நோய்ப்பட்ட இடத்தைப் படம் எடுத்தார். இயந்திரம் அதை ஆபாசம் என்று பிடித்தது. போலீஸ் விசாரித்துக் குற்றமில்லை என்ற பிறகும் கூகுள் கணக்கைத் திருப்பித் தரவில்லை என்று நியூயார்க் டைம்ஸ் 2022இல் எழுதியது. நம் உண்மை அறியும் குழுக்கள் எடுக்கும் படங்களை நினைத்துப் பாருங்கள். வெட்டுக்காயம், பிணம், சிதைக்கப்பட்ட பெண்ணுடல், அடிபட்ட குழந்தை. இயந்திரத்துக்கு ஆபாசமாகத் தெரியக்கூடியதுதான் நம்முடைய சாட்சியம். ஒரு படத்துக்காகக் கணக்கு முழுசும் பூட்டப்பட்டால் முப்பது வருஷமும் உள்ளே போய்விடும்.

இடத்துக்கு உரிமை இல்லாதவன் காகிதத்துக்கு என்ன ஆகும் என்று அம்பேத்கருக்கு நடந்ததே சொல்கிறது. 1956இல் அவர் இறந்த பிறகு கையெழுத்துப் பிரதிகள் டெல்லி அலிப்பூர் சாலை 26ஆம் எண் வீட்டில் இருந்தன. சொந்த வீடு அல்ல. 1967இல் காலி செய்ய வைத்தபோது காகிதங்களை முற்றத்தில் கொட்டினார்கள், மழையில் பல கெட்டன. மிஞ்சியவை நீதிமன்றம், அதிகாரிகள் என்று கைமாறி அலைந்தன. மராட்டிய அரசு வசந்த் மூனைக் கொண்டு தொகுதிகளை வெளியிடத் தொடங்கியது 1979இல்.

எதிரியை மட்டும் திட்டிவிட்டு முடிக்க முடியாது. நம் கணக்குகள் யார் பெயரில் இருக்கின்றன? ஒரு தோழரின் பெயரில், அவர் போன் நம்பரில். அமைப்பு உடைந்தால் (உடையாத அமைப்பு எது?) பாஸ்வேர்டு ஒரு கோஷ்டியோடு போகிறது. அவர் செத்தால் அவரோடு போகிறது. மனைவிக்கும் தெரியாது, மாவட்டக் குழுவுக்கும் தெரியாது. கொடிக்கம்பத்துக்கும் லெட்டர்பேடுக்கும் பொதுக்குழுவில் நாள் முழுக்கச் சண்டை போடுகிறோம், இதற்கு ஒரு தீர்மானம் கிடையாது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்களே, அந்த நாள்களில் மேகத்தில் மட்டும் இருந்த எதை எடுத்திருக்க முடியும்?

வேறு வழியில் செய்தவர்கள் இருக்கிறார்கள். அயோத்திதாசரின் 'தமிழன்' 1907இல் தொடங்கியது, 1914இல் அவர் இறந்தார். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் வைத்துக் காத்த இதழ்களிலிருந்துதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த சிந்தனைகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்தன. 85 வருஷத்துக்குப் பிறகும் பாஸ்வேர்டு கேட்காமல் திறந்தது அந்தக் காகிதம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ட சமூகத்தில் 2005இல் நூலகம் திட்டம் எழுந்தது. தன்னார்வலர்கள் பத்திரிகை, பிரசுரம், செத்த வீட்டு நினைவு மலர் வரைக்கும் ஸ்கேன் செய்து, தங்கள் அமைப்பின் பெயரில், யாரும் வந்து இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். நம்மால் ஏன் முடியாது?

இப்போதைக்கு ஆகக்கூடியது இவ்வளவுதான். மூன்று ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். தஞ்சாவூரில் ஒன்று, மதுரையில் ஒன்று, சென்னையில் ஒன்று. மூன்றும் ஒரே கோஷ்டியிடம் இருக்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்து ஓட்டிப் பாருங்கள். மேகத்தில் நாலாவது நகலை வையுங்கள், நாமே பூட்டிச் சாவியை நம்மிடம் வைத்துக்கொண்டு. கணக்கை அமைப்பின் பெயரில் தொடங்கிப் பாஸ்வேர்டை மூடிய உறையில் இரண்டு பேரிடம் கொடுங்கள். பேஜ்மேக்கர் கோப்பு வைத்திருக்கும் அச்சகத் தோழர்கள், அந்தப் பழைய கணினி ஓடும்போதே பி.டி.எஃப். ஆக்கித் தாருங்கள். அப்புறம், ஸ்கேன் ஆயிடுச்சேன்னு பழைய இதழ்க் கட்டைப் பேப்பர்காரனுக்கு எடைக்குப் போடுகிற தோழர்களே, ஒரு போன் பண்ணுங்க. அந்த விலையை நான் தருகிறேன், கட்டை நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.