மண்வள அட்டையில் இல்லாத உலோகங்கள்

அறந்தாங்கிப் பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடும் விவசாயிக்கும் மண்வள அட்டை உண்டு. 2015-இல் தொடங்கிய இத்திட்டத்தில் தழைச்சத்து முதல் போரான் வரை 12 அளவுகள் சோதிக்கப்படுகின்றன. அவற்றில் காட்மியம், ஈயம், குரோமியம், பாதரசம் கிடையாது.

மண்ணில் வாழும் பல பாக்டீரியாக்களோ இவற்றை உடனே கண்டுகொள்கின்றன. 'மெர்' என்ற மரபணுத் தொகுப்பை மெர்-ஆர் என்ற புரதம் காவல் காக்கிறது. பாதரச அயனி அதில் ஒட்டியதும் டி.என்.ஏ.வின் முறுக்கு சற்றே தளர்கிறது. மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. மெர்-ஏ என்ற நொதி அந்த நச்சு அயனியை ஆவியாகும் பாதரசமாக மாற்றிவிடுகிறது. காட்மியத்தையும் குரோமேட்டையும் செல்லுக்கு வெளியே தள்ள வேறு புரதங்கள் உண்டு.

வியப்போடு கவலையும் சேர்கிறது. இந்த மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். டி.என்-21 என்ற தாவும் மரபணுத் துண்டில் பாதரச எதிர்ப்பும் ஆன்டிபயாடிக் எதிர்ப்பும் ஒன்றாகவே பயணிக்கின்றன. உலோகம் படிந்த மண், மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்த்துவிடக்கூடும்.

ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவும், கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசமும் தமிழகம் அறிந்தவை. பாஸ்பேட் உரம் தயாரிக்கப் பயன்படும் பாறையிலும் இயற்கையாகவே சிறிது காட்மியம் இருக்கிறது. ஆகவே, ஆலைகளையும் குப்பைக் கிடங்குகளையும் ஒட்டிய வயல்களிலாவது இந்த நான்கு உலோகங்களையும் அட்டையில் சேர்த்தே ஆக வேண்டும். சோதனைச் செலவை அரசே ஏற்க வேண்டும்.