கோளாறு எந்தப் பக்கம் சாய்கிறது?



1956 செப்டம்பர் 1-இல், 245 காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் ஒன்றாக்கி எழுந்தது ஆயுள் காப்பீட்டுக் கழகம். உசிலம்பட்டி உழவனும் செல்லூர் நெசவாளியும் வயிற்றைக் கட்டிச் செலுத்திய பணத்தாலும் வளர்ந்தது அது. புதிய மின்னணுத் தளம் அமைக்கும் பணியை 2024-இல் இன்போசிஸிடம் ஒப்படைத்தார்கள். அமைக்கட்டும்! பழைய பொறியைக் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை நாம்.

ஆனால், அதே ஆண்டு நவம்பரில் நடந்ததென்ன? கழகத்தின் இணையதள முகப்பு இந்தியில் எழுந்து நின்றது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கண்டித்தார், 'தொழில்நுட்பக் கோளாறு' என்றனர். விந்தையான கோளாறு! ஒருநாளேனும் தமிழின் பக்கம் சாயக் கண்டதுண்டா?

முகப்பைத் திருத்திவிட்டார்கள், சரி. அடித்தளத்திலே பிழை புகுந்தால்? முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டம் போடுவார்கள். தந்தை பெயரின் தலையெழுத்தை முன்னே தாங்கும் தமிழன் எந்தக் கட்டத்தில் அடங்குவான்? முப்பதாண்டுக்கு முன் 'மு. கருப்பையா' என்றெழுதிய பத்திரம், ஆதாரில் 'கருப்பையா முத்து' என்றிருப்பதால் பொருந்தவில்லையெனத் திரும்பினால், அலையப்போவது பொறியா? கணவனைப் பறிகொடுத்த கைம்பெண்ணன்றோ!

ஆகவே கேட்கிறோம்: பதிவேடுகளை மாற்றுமுன் மதுரைக் கிளைகளின் ஊழியரும் முகவரும் அமர்ந்து சோதிக்கட்டும். பெயர் தமிழ் எழுத்திலும் பதிவாகட்டும். ரசீதும் கடிதமும் தமிழில் வரட்டும். கணக்கு ஒத்துவரும்வரை பழைய பொறியும் பக்கத்திலே ஓடட்டும். பிரீமியம் கட்டச் செல்லும் தோழர்களே, இதை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கி வாருங்கள்!