பழைய ஜீப்பும் அதற்கேற்ற எண்ணெயும்

மாட்டு வண்டியே கதியென்றிருந்த காலத்தில், வைக்கோற் கரியை எண்ணெயிற் குழைத்து அச்சுக்கு மையிடாமல் எந்தக் குடியானவரும் சந்தைக்கு வண்டி பூட்டியதில்லை. சக்கரம் கிரீச்சிட்டால் எதிரே வருபவரே நின்று, "அச்சு தேய்கிறதே, ஐயா" என்று சொல்லிப் போவார். இன்று அதே குடும்பத்தாரின் களத்தில் இருபது முப்பது வயதான ஜீப் ஒன்று நிற்கிறது. அதன் எஞ்சினில் என்ன எண்ணெய் இருக்கிறது, எப்பொழுது மாற்றப்பட்டது என்று கேட்டால், "மெக்கானிக்குக்குத்தான் தெரியும்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது.

போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் முதலிய ஊர்களிலிருந்து இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஆட்களை ஏற்றிச் செல்வதும், எருவை மேலே கொண்டுபோய் மிளகையும் ஏலத்தையும் கீழே கொண்டுவருவதும் இவ்வண்டிகளே. இவற்றுக்கு எந்த எண்ணெய் தகும் என்பதில் நமது விவசாயிகளுக்குள் இரண்டு கட்சிகள் உண்டு. பழைய வண்டிக்கு எதுவானாலும் போதும், டிராக்டருக்கு ஊற்றியதில் மீந்ததே போதும் என்பார் ஒரு சாரார். விலையுயர்ந்த புதுவகை எண்ணெயை ஊற்றினால் கிழ எஞ்சினும் இளமை பெறும் என்பார் மறு சாரார். இருவர் கூற்றும் பிழையென்பது என் அபிப்பிராயம். விவசாயத்தில் டிப்ளமா பெற்ற நான் யந்திர சாஸ்திரம் கற்றவனல்லன். ஆயினும் இரண்டாவது பிழையை நானே செய்து அதன் பலனையும் கண்டவனாதலால் இதனை எழுதத் துணிகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த மலையடிவாரப் பண்ணையொன்றில் பழைய டீசல் ஜீப் ஒன்று இருந்தது. எண்ணெய் மாற்றவேண்டிய தருணத்தில், புதிய கார்களுக்கென விற்கப்படும் 5 டபிள்யூ 30 என்னும் செயற்கை எண்ணெயைக் கடைக்காரர் புகழ்ந்துரைக்க, உயர்ந்த சரக்காயிற்றே என்று நானே கையொப்பமிட்டு வாங்கினேன். வயதில் மூத்தவரான டிரைவர், "சார், இது தண்ணீராய் இருக்கிறதே" என்றார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் வாரம் எஞ்சின் இலேசாக ஓடிற்று. பிறகு, வண்டி சூடேறி நின்றபடி ஓடும்போதெல்லாம் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள் கீழே விழலாயிற்று. பின்புறத்துச் சீல் வழியாக எண்ணெய் சொட்டியது. முள்தான் பழுதென்று எண்ணிக்கொண்டேன். ஆனி மாதத்தில், வேர்விட்ட மிளகுக் கொடிகளை ஏற்றிக்கொண்டு மலையேறும்போது எஞ்சினின் அடியில் சம்மட்டி அடிப்பதுபோன்ற சத்தம் கேட்டு வண்டி நின்றது. பேரிங் தேய்ந்து கிராங்கும் கீறுண்டு போயிருந்தது. பட்டறையில் அது கிடந்த நாட்களில் மிளகுக் கொடிகள் பையிலேயே வாடின. குழி வெட்டி எருவும் இட்டுக் காத்திருந்த விவசாயி ஒருவருக்கு அவ்வாண்டு நடவு தவறிற்று. பின்னர் அவரைக் காணச் சென்றபோது அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லாமல் குழிகளை மட்டும் காட்டினார்.

அந்த எண்ணெய் கெட்ட சரக்கன்று. நெருக்கமான இடைவெளியுள்ள புதிய எஞ்சினுக்கென்று செய்யப்பட்ட பொருளை, தேய்ந்து இடைவெளி அகன்ற எஞ்சினில் ஊற்றியதே பிழை. ஜீப்பின் பரம்பரையை நோக்கினால் இது விளங்கும். யுத்தம் முடிந்த 1945இல் அமெரிக்க வில்லீஸ் கம்பெனியார் சி.ஜே.2ஏ என்ற ஜீப்பை, உழவும் கதிரடிக்கும் யந்திரத்தைச் சுழற்றவும் வல்லதென்று குடியானவர்களுக்கே முதன்மையாக விற்றனர். 1940களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா கம்பெனியார் ஜீப்புகளை இணைத்து விற்கத் தொடங்கினர். டீசல் எஞ்சின் பொருத்திய வண்டிகள் பின்னர் வந்தன. மூல எஞ்சின்கள், ஒற்றை எண் கொண்ட எண்ணெய்களே வழக்கிலிருந்த காலத்தில் வகுக்கப்பட்டவை. வேகம் குறைவு, உறுப்புக்கள் கனம், இடைவெளி தாராளம் என்பதே அவற்றின் இலக்கணம்.

டப்பாவின் மேலுள்ள எண்களை வாசிக்கக் கற்பது கடினமன்று. 15 டபிள்யூ 40 என்பதில் பின்னுள்ள 40, எஞ்சின் சூடேறிய நிலையில் எண்ணெயின் தடிப்பைக் காட்டுவது. 100 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் 30ஆம் எண்ணெயின் தடிப்பு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரையிலும், 40ஆம் எண்ணெயினது 12.5 முதல் 16.3 வரையிலும், 50ஆம் எண்ணெயினது 16.3 முதல் 21.9 வரையிலும் இருக்கவேண்டுமென்பது விதி. முன்னுள்ள எண்ணோ குளிரில் அது எவ்வளவு எளிதாய் அசையும் என்பதைக் குறிக்கும். டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தின் முதலெழுத்து. 5 டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்கு 30 டிகிரி கீழேயும், 15 டபிள்யூ எண்ணெயை 20 டிகிரி கீழேயும், 20 டபிள்யூ எண்ணெயை 15 டிகிரி கீழேயும் குளிர்வித்துச் சோதிக்கிறார்கள். நமது மலைகளில் அத்தகைய குளிர் ஏது? மார்கழி விடியலில் கம்பளி போர்த்துக்கொள்ளும் குளிருக்கு 15 டபிள்யூ தாராளமாய்ப் போதும். 5 டபிள்யூவுக்கு அதிக விலை கொடுக்கும் ஜீப்புக்காரர், பெரும்பாலும் ரஷ்ய தேசத்துக் குளிருக்கே விலை கொடுக்கிறார்.

இதைக் கேட்டு எதிர்ப்புறம் ஓடுவோரும் உளர். புகை தள்ளும் எஞ்சினுக்கு மேலும் மேலும் தடித்த எண்ணெயை ஊற்றி, சத்தம் அடங்கிற்றென்று மகிழ்வர். காலையில் கிளப்பியவுடன் எண்ணெய் மேலேறி எல்லா உறுப்புக்களையும் சேருமுன்னர் உராய்வு மிகும். தடித்த எண்ணெய் அந்த நேரத்தை நீட்டிவிடும். தேய்ந்த ரிங்கைத் தடித்த எண்ணெயால் மறைப்பது, பூச்சி விழுந்த நெல்லை நல்ல நெல்லோடு கலந்து அளப்பதற்கொப்பாகும். டீசல் ஜீப்புக்கு 15 டபிள்யூ 40, சமவெளி வெயிலில் ஓடும் பழைய பெட்ரோல் ஜீப்புக்கு 20 டபிள்யூ 50 அல்லது அதே 15 டபிள்யூ 40 என்பதே நான் சொல்லத்தக்கது. வண்டிக்குரிய புத்தகம் கையிலிருந்தால் அதன் சொல்லே மேல்.

எண்ணைவிட எழுத்தைத்தான் பலர் பார்ப்பதேயில்லை. ஏ.பி.ஐ. முத்திரையில் சி என்று தொடங்குவது டீசலுக்கும் எஸ் என்று தொடங்குவது பெட்ரோலுக்கும் உரியது. பழைய எஞ்சின்களில் காமும் டாப்பெட்டும் ஒன்றன்மேலொன்று சறுக்கி உராய்பவை. அவ்விடத்தைக் காப்பது எண்ணெயிற் கலந்துள்ள துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டுப்பொருள். அது புதிய கார்களின் புகைக்குழாயிலுள்ள சுத்திகரிப்புக் கருவியைக் கெடுப்பதால், 2004இல் வந்த எஸ்.எம். வகை முதற்கொண்டு மெல்லிய பெட்ரோல் எண்ணெய்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்துக்கு மேற்படலாகாதென்று வரையறுத்தனர். நமது ஜீப்புக்கோ அக்கருவியே கிடையாது. ஆகையால் 2002இல் வந்த சி.ஐ.4 வகை டீசல் எண்ணெயே பழைய டீசல் ஜீப்புக்குப் பொருந்தும். அதே டப்பாவில் எஸ்.எல். என்றும் அச்சிட்டிருந்தால் பழைய பெட்ரோல் ஜீப்புக்கும் அது உதவும். 2016 டிசம்பரில் வந்த இரட்டை வகைகளுள் சி.கே.4 பழைய எஞ்சினுக்கு ஆகும், எப்.ஏ.4 ஆகாது, அது மெலிந்த எண்ணெய்க்கென அமைந்த புதிய எஞ்சின்களுக்கே உரியது. புதிது என்ற காரணத்துக்காக அதை வாங்கிவிடலாகாது.

ஓர் எச்சரிக்கை. பல்லாண்டுகள் கவனியாது விட்ட எஞ்சினில் கசடு அப்பியிருக்கும். நல்ல எண்ணெயில் அழுக்கைக் கரைக்கும் குணம் உண்டாதலால், கரைந்த கசடு எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடக்கூடும். அத்தகைய வண்டியில் முதல்முறை ஊற்றியதைச் சில நூறு கிலோமீட்டரிலேயே வடித்து, பில்டரையும் மாற்றி, மீண்டும் புதிது ஊற்றுக. இயலுமாயின் அடித்தொட்டியைக் கழற்றிக் கழுவுவது இன்னும் நலம்.

எப்பொழுது மாற்றுவது என்பதில்தான் நமது நஷ்டம் அதிகம். "வண்டி ரொம்ப ஓடவில்லையே" என்பார்கள். தோட்டத்து ஜீப் லோ கியரில் நாள் முழுதும் முனகிக்கொண்டு ஏறினாலும் நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓடியிராது. எஞ்சினோ எட்டு மணி நேரம் உழைத்திருக்கும். கிலோமீட்டர் காட்டும் கருவியும் பல வண்டிகளில் செத்துக் கிடக்கிறது. ஆகவே மணிக்கணக்கே நியாயமான கணக்கு. 100 மணி உழைப்பு அல்லது ஆறு மாதம், இவற்றுள் எது முந்துகிறதோ அதில் மாற்றுவது என் வழக்கம். கதவின் உட்புறத்தில் பெயிண்டினால் தேதியை எழுதிவிடுவேன். தூசியைத் தடுக்க எண்ணெய்க் கிண்ணம் வைத்த ஏர் பில்டர் உள்ள வண்டிகளில் அக்கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். பலவற்றில் எண்ணெய்க்குப் பதில் சேறு இருக்கும். அதன் வழியே மண் எஞ்சினுள் புகுந்தால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. தினமும் காலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி அளவுக் கம்பியை எடுத்துப் பார்ப்பது அவசியம். அளவு குறைவதைக் காட்டிலும் கூடுவது அபாயம். டீசலோ பெட்ரோலோ எண்ணெயிற் கசிந்து கலக்கிறதென்பதே அதன் பொருள். மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. இவ்விரண்டும் கண்டபின் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்குவது கூடவே கூடாது.

சில்லறையாய் அளந்து ஊற்றும் எண்ணெயையும், மூடி முத்திரையில்லா டப்பாவையும் வாங்காதீர்கள். தீர்ந்த டப்பாவை ஆணியால் துளைத்தபின் எறியுங்கள். முழு டப்பாவாக விட்டால் அதில் கழிவெண்ணெய் நிரம்பி மறுபடி உங்கள் கைக்கே வரலாம்.

வடித்த கறுப்பெண்ணெயைப் பற்றிக் கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கரையான் வராதென்று தென்னை மூட்டில் ஊற்றுவோரும், வாய்க்கால் மதகோரத்தில் கவிழ்ப்போரும் இன்றும் உளர். 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுப்பொருள் விதிகளில் இந்தக் கழிவெண்ணெயும் அடங்கும். மண்ணிலும் நீரிலும் விடத்தக்கதன்று. மூடியுள்ள கேனில் சேர்த்து, அனுமதி பெற்றுச் சேகரிப்போரிடம் ஒப்படைக்கவேண்டும். ஊருக்கொரு பீப்பாயை நிழலில் வைத்து, பட்டறைக்காரரையும் ஜீப்புக்காரரையும் அதில் ஊற்றச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. முதற்கேனை அரசாங்க ஜீப்பிலிருந்தே கொண்டுவரலாம்.