உடுப்பு ஒரு ஆய்வோ? ஓம், ஆய்வுதான்

எங்கட கூட்டத்தில ஒருத்தி இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பு ஒன்று குடுத்தாள்: 19ஆம் நூற்றாண்டு மேடை உடைகளும் கோதிக் இலக்கியமும். ஐந்து நிமிசத்தில தலைப்பு திரும்பி வந்திட்டுது. “உடுப்பெல்லாம் ஒரு ஆய்வோ பிள்ளை? பிரதியை எடுங்கோ, பாத்திரத்தை எடுங்கோ. உடுப்பை விடுங்கோ.”

சரி எண்டு கன்ரீனுக்கு வந்தால் அங்க வேற மாதிரி அடி. “சனத்துக்குக் காணி இல்லை, படிச்சவைக்கு வேலை இல்லை. உங்களுக்கு வெள்ளைக்காரன்ர பேயும் பிரபுவும் கேக்குதோ?” இதைக் கேட்டவர் நாங்கள் மதிக்கிற ஒரு அண்ணா.

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேணும் என்று நினைத்தோம். அதற்குப் பெரிய கோட்பாடு ஒன்றும் தேவையில்லை. ஒரேயொரு சட்டை போதும்.

1888 டிசெம்பர் கடைசியில் லண்டன் லைசியம் அரங்கில் ஹென்றி ஏர்விங் ‘மக்பெத்’ நாடகத்தை மேடையேற்றினார். லேடி மக்பெத் ஆக நடித்தவர் எலன் டெரி. அவர் போட்டிருந்தது பச்சை நிறச் சட்டை. அலிஸ் கொமின்ஸ் கார் என்பவர் வடிவமைத்தது, ஏடா நெட்டில்ஷிப் என்பவர் தைத்தது. பச்சைப் பட்டும் நீல மினுங்கல் இழையும் சேர்த்து முறுக்கிய நூலில் குரோஷே பின்னி, அதன் மேல் ஏறத்தாழ ஆயிரம் வண்டுச் சிறகுகளைத் தைத்திருந்தார்கள். பார்க்கிற ஆளுக்கு அது சங்கிலிக் கவசம் போலவும் இருக்க வேணும், பாம்புத் தோல் போலவும் இருக்க வேணும் என்பதுதான் வடிவமைத்தவரின் எண்ணம்.

இப்ப சொல்லுங்கோ, இது பாத்திர ஆய்வு இல்லையோ? லேடி மக்பெத் போர்வீரனின் மனைவியா, விசப்பாம்பா, இரண்டுமா என்று நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற கேள்விக்கு, 1888இல் ஒரு பெண் நூலாலும் ஊசியாலும் பதில் சொல்லியிருக்கிறாள். அதுவும் ஒரு விமர்சனக் கட்டுரைதான், கடதாசியில் எழுதவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அந்த அரங்கில் அப்போது எரிந்தது காஸ் விளக்கும் சுண்ணாம்பு ஒளியும். ஏர்விங்குக்கு அந்த மென்மையான வெளிச்சம்தான் பிடிக்கும். அசைகிற சுடருக்கு முன்னால் நடிகை ஒரு அடி வைக்க ஆயிரம் சிறகும் சேர்ந்து மினுங்கும். துணியையும் விளக்கையும் விட்டுப்போட்டு வசனத்தை மட்டும் படிச்சால் அந்த நாடகத்தில பாதிதான் எங்களுக்கு மிஞ்சும்.

முதல் நாளே இதைப் பார்த்த ஓவியர் ஜோன் சிங்கர் சார்ஜன்ட், அந்தச் சட்டையோடு எலன் டெரியை வரைந்தார். கிரீடத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கி நிற்கிறாள். அப்படி ஒரு காட்சி அந்த மேடையேற்றத்தில் இல்லை. சட்டையைப் பார்த்த ஓவியன் நாடகத்தில் இல்லாத ஒரு கணத்தைக் கற்பனை செய்திருக்கிறான். 1889இல் வரைந்த அந்த ஓவியம் இன்றைக்கு லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கிறது.

இனி கோதிக். அதே லைசியம் அரங்கின் அலுவலகத்தில் 1878இலிருந்து கணக்கு வழக்குப் பார்த்த முகாமையாளர் பிராம் ஸ்டோக்கர். ‘டிராகுலா’ எழுதினவர் அவர்தான். 1897 மேயில் நாவல் வெளிவருவதற்குச் சில நாள் முந்தி, மேடை உரிமையைக் காப்பாற்றுவதற்காக அதே லைசியத்தில் அதை நாடகமாக வாசித்தார்கள். மினாவாக வாசித்தவர் எடித் கிரெய்க், எலன் டெரியின் மகள். ஓவியம், கோதிக் நாவல், மேடை உடை என்று நாங்கள் மூன்று பாடமாகப் பிரித்து வைத்திருப்பது அங்கே ஒரே கூரைக்குக் கீழ் நடந்திருக்கிறது. “உடுப்பை விடுங்கோ” என்கிறவர் இந்தக் கூரையில் இருந்து எந்த ஓட்டைக் கழட்டச் சொல்கிறார்?

இனி அண்ணாவுக்கு வருவோம்.

அண்ணா, காணிப் பிரச்சினை பெரிது, அதில எங்களுக்கு மறுப்பு இல்லை. ஆனால் டிராகுலாவைத் திறந்து பாருங்கோ. இளம் சட்டத்தரணி ஒருத்தன் மலைநாட்டுக் கோட்டைக்குப் போறான். ஏன்? வெளிநாட்டுப் பிரபு லண்டனுக்குப் பக்கத்தில வாங்குகிற ஒரு வீட்டின்ர கொடுக்கல் வாங்கலை முடிக்க. பேய் நாவலின் தொடக்கமே காணி அலுவல்தான். கோதிக் கதைகளில் பாதி, இந்த வீடு யாருடையது, இதற்குள் யாரை அடைத்து வைத்தார்கள், யார் போகாமல் நிற்கிறார்கள் என்ற கேள்விகள்தான். வெறும் வீடுகளும் பூட்டின வளவுகளும் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தக் கேள்விகள் அந்நியமானவை என்று யார் சொன்னது?

அந்தச் சிறகுகளையும் பாருங்கோ. அவை பொன்வண்டின் சிறகுகள். நாங்கள் சின்னனில் நெருப்புப்பெட்டிக்குள் இலை வைத்து வளர்த்தோமே, அந்த இனம்தான். அந்தப் பச்சைச் சிறகைத் துணியில் தைக்கிற கலை இந்தியாவில் பழையது. 19ஆம் நூற்றாண்டில் மஸ்லின் துணியில் அதைத் தைத்து ஐரோப்பியச் சந்தைக்கு அனுப்பினார்கள். லேடி மக்பெத்தின் சட்டையைப் பார்த்த ஒஸ்கார் வைல்ட், இந்த அம்மா புருசனுக்கு உள்ளூர்த் துணி எடுத்துவிட்டுத் தனக்கு மட்டும் பைசாந்தியத்தில் சாமான் வாங்குகிறா என்ற மாதிரிப் பகிடி விட்டாராம். உண்மையில் அந்தச் சட்டையின் மோகம் பைசாந்தியத்தையும் தாண்டி, பேரரசு கைவைத்த எங்கட பக்கத்து மண் வரைக்கும் வருகிறது. இதை “வெள்ளைக்காரன்ர சாமான்” என்று தூக்கி எறிந்தால் லாபம் யாருக்கு? எடுத்த கணக்கை யாரும் கேட்கமாட்டார்கள் என்று இருக்கிறவர்களுக்குத்தான்.

கடைசியாக எங்களுக்கு நாங்களே சொல்ல வேண்டியது. எங்கட பக்கமும் பிழை இருக்கு. மத்தியான வெக்கைக்குள்ள கறுப்புச் சட்டை போட்டு, மெழுகுதிரி கொளுத்தி, றீல்ஸ் போட்டால் கோதிக் ஆயிற்று என்று நினைக்கிற ஆக்கள் நாங்களும்தான். சார்ஜன்டின் ஓவியத்தைப் பகிர்ந்து “அழகு” என்று எழுதுவோம். தைத்தவளின் பெயர் கேட்டால் முழிப்போம். நெட்டில்ஷிப்பின் பெயராவது மிஞ்சியிருக்கிறது. அவருடைய தையல் அறையில் குனிந்து இருந்து சிறகு சிறகாகக் குத்தின பெண்களின் பெயர்களை அந்தச் சட்டையைப் பற்றிப் பேசுகிற யாரும் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. எங்கட ரசனை அந்த இடத்தில் நின்றுபோனால், அண்ணா சொன்னது சரியென்று ஆகிவிடும்.

உடுப்பை மதிக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு அந்தச் சட்டையே சாட்சி. எலன் டெரி 1928இல் இறந்தபிறகு மகள் எடித், கென்ட்டில் இருந்த ஸ்மோல்ஹைத் வீட்டை நினைவில்லமாக்கினார். சட்டை அங்கேதான் இருக்கிறது. நைந்துபோன அதைத் திருத்த 1300 மணித்தியாலம் வேலை செய்தார்கள். விழுந்த சிறகுகளை எடுத்துத் திரும்பத் தைத்தார்கள். உடைந்தவற்றுக்குப் பின்னால் மெல்லிய யப்பானியத் தாள் ஒட்டினார்கள். 2011இல் அது திரும்பக் காட்சிக்கு வந்தது.

எங்கட ஊரில் வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பைக் கட்டத் தெரிந்த எத்தனை பேரிடம் நாங்கள் போய் இருந்து கேட்டிருக்கிறோம்? பிரதிகளைப் பதிப்பித்தார்கள், நல்லது. ஆனால் பிரம்பை எப்படி வளைக்கிறது, துணியை எங்கே மடிக்கிறது, அதைக் கட்டிக்கொண்டு ஆடுகிறவனுக்கு இடுப்பில் எங்கே நோகும் என்பதெல்லாம் அண்ணாவிமாரோடும் கட்டுகிறவர்களோடும் போய்க்கொண்டிருக்கிறது. “உடுப்பு ஆய்வில்லை” என்ற அதே வாய்தான் நாளைக்கு “ஐயோ, எங்கட மரபு அழியுது” என்று மேடையில் அழப்போகிறது.

நாங்கள் சலுகை ஒன்றும் கேட்கவில்லை. தலைப்பை ஏற்றுக்கொண்டு, ஆய்வு பலவீனமாக இருந்தால் புள்ளியைக் குறையுங்கோ. வாசிக்க முதல் பொருளைத் தள்ளாதேயுங்கோ. அண்ணாவுக்கும் சொல்கிறோம்: டிராகுலா லைபிரரியில இருக்கு, எடுத்து வாசிச்சிட்டு வாங்கோ, பிறகு சண்டை பிடிப்பம்.

அவள் வாற கிழமை அதே தலைப்பைத் திருப்பிக் குடுக்கப் போறாள். இந்த முறை முதல் பந்தியில் அந்தப் பச்சைச் சட்டை இருக்கும். அறை வாசலில நாங்கள் எல்லாரும் நிப்பம்.