யாருடைய நடுக்கம்?

நாளைய உலகம் நரகமாகும் என்று கதை புனைவோர் பெருகிவிட்டனர். கருகிய வானம், விலங்கிட்ட மக்கள், ஓயாது உற்றுநோக்கும் இயந்திரம், இம்மூன்றும் இருந்தால் இருளுலகக் கதை முடிந்ததென எண்ணுகின்றனர். படிக்கிறோம்; நெஞ்சம் நடுங்க மறுக்கிறது. ஏன்?

விடை தேடி வெளிநாடு செல்ல வேண்டாம். பூவிருந்தவல்லியை அடுத்த திருமழிசைக்கு வாருங்கள், தோழர்களே! அவ்வூரின் பெயர் தாங்கிய ஆழ்வாரைப் பற்றிக் குருபரம்பரைக் கதைகள் ஒன்று கூறும். பிரம்பு அறுக்கும் குடியில் வளர்ந்தவர் அவர். பெரும்புலியூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்தார். வேதம் ஓதிக்கொண்டிருந்த அந்தணர்கள் அவரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டனர். அடிக்கவில்லை, விரட்டவில்லை, வாயை மூடினர், அவ்வளவே! கோட்டையும் கொலைக்களமும் வேண்டாத கொடுமை இது. கட்டளையிட ஓர் அதிகாரி கூட இல்லை; அத்தனை பேருக்கும் அது பழகிப்போயிருந்தது. இதை நாம் நம்புகிறோம்.

ஆனால் கதை அத்துடன் நின்றதா? விட்ட இடம் ஓதியவர்க்கு மறந்துபோயிற்றாம். ஆழ்வார் கருநெல்லை நகத்தால் பிளந்து குறிப்புக் காட்டினாராம். அவர் பெருமை அறிந்து அடிபணிந்தனராம். அற்புதம் நுழைந்தது, உண்மை வெளியேறிற்று! நெல்லைப் பிளந்து காட்டத் தெரியாத வெறும் பிரம்பறுப்போன் ஒருவன் அத்திண்ணையில் அமர்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அதைக் கதை சொல்லாது.

கலியுக வருணனைக்கு வருவோம். அதுவும் இருளுலகக் கதைதானே? பஞ்சம் வரும், வரிச்சுமை நசுக்கும் என்கின்றன விஷ்ணு புராணமும் பாகவதமும். நம்பத்தக்கவையே, உழவன் அவற்றைக் கண்டிருக்கிறான். ஆனால் வருண முறை குலையும், சூத்திரர் உயர்வர், பெண்டிர் கணவன் சொல் கேளார் என்பதையும் அதே மூச்சில், அதே அழுகுரலில் சேர்க்கின்றன! எவருக்கு இது அழிவு? திண்ணையில் அமர்ந்தவனுக்கா, வாயை மூடியவனுக்கா? அரியணை ஆடுகிறதே என்ற கவலையை உலகம் அழிகிறதே என்ற ஓலமாக்கிவிட்டனர்.

1949இல் வெளிவந்த ஆர்வெலின் '1984' புதினத்தில் சித்திரவதைக் கூடத்தைவிட நம்மைக் கலங்கச் செய்வது சாக்லேட்! பங்கீடு முப்பது கிராமிலிருந்து இருபதாகக் குறைகிறது. மறுநாளே, இருபதாக உயர்த்திய தலைவருக்கு நன்றி கூறப்படுகிறது. மக்கள் விழுங்கிவிடுகின்றனர். 1985இல் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' எழுதிய மார்கரெட் அட்வுட், மனிதர் வரலாற்றில் எங்கேனும் செய்து முடித்த கொடுமைகளையன்றி வேறெதையும் சேர்ப்பதில்லை என்று வரம்பிட்டுக்கொண்டார். நல்ல வரம்பு. நம் நாட்டார்க்குச் சரக்குப் பஞ்சமே இராது!

தமிழில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' இருக்கிறது. 1980களில் எழுதியவர் 2020களைக் கற்பனை செய்தார். ஆளும் ஜீவா மெய்யான ஆளே அல்லன், ஒளியாலான உரு என்பது அதில் திருப்பம். கெட்டிக்காரத்தனந்தான், மறுக்கவில்லை. ஆயினும் நம் மனத்தில் தைப்பது அதுவன்று; பிள்ளை பெற அரசின் அனுமதிக்குக் காத்திருக்கும் பெண்தான்.

2020 வந்தது. ஒளியுரு வரவில்லை, கொள்ளைநோயும் இ-பாஸும் வந்தன. மாவட்ட எல்லை தாண்டி இழவு வீட்டுக்குச் செல்லவும் அனுமதி கேட்டோம். கோயம்பேட்டில் தொற்றுப் பரவியதால் காய்கறிச் சந்தை மூடப்பட்டு, மே 10 முதல் இதே திருமழிசையில் தற்காலிகமாக நடந்தது. மழை பெய்தது, தரை சேறாயிற்று. ஊரே கதவடைத்துக் கிடக்க, மூட்டை தூக்குவோர் சேற்றில் இறங்கினர். தக்காளிக்குப் பேரமும் நடந்தது. செப்டம்பர் 28 அன்று சந்தை கோயம்பேட்டுக்குத் திரும்பும் வரை அதுதான் வாழ்க்கை.

இருளுலகம் எழுதப் புறப்படும் இளைஞர்காள், உங்கள் கதையில் அந்த மூட்டையை யார் தூக்குகிறார்? முதலில் அதைச் சொல்லுங்கள். வானத்தின் நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.